பேரன் பாஸ்வேர்டு கேட்டால் என்ன செய்வது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்ய வேண்டிய ஆங்கில எழுத்துகளோடு ஒரு தாள் சங்க அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது.)



நான் கணினி படித்தவன் அல்ல. பி.காம். முடித்து வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, எழுத்தராகவே ஓய்வு பெற்றவன். ஆனாலும் இன்று பேசப்போகும் விஷயத்துக்குக் கவுண்டரில் உட்கார்ந்த அனுபவம் நன்றாகவே உதவும். பேச்சு முடியும்போது நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

முதலில், இந்தப் பேச்சு ஏன் இப்போது? 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. நம் வீடுகளில் இருக்கும் பழைய லேப்டாப்களில் பல விண்டோஸ் 11-ஐ ஏற்காது. அதனால் நம்மில் சிலர் லினக்ஸுக்கு மாறிவிட்டோம். சிலர் வீட்டில் 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த லேப்டாப் இன்னும் ஓடுகிறது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அது நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. ஆகவே லினக்ஸ் நமக்குப் புதிதல்ல, எட்டிப் பார்க்காமல் விட்டிருந்தோம், அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம், பள்ளிப் பாடம். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் 12-ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் நிரல்மொழி இருக்கிறது. அந்தப் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் கோட்டுப்படம், வட்டப்படம், பட்டைப்படம் வரையும் பாடம் ஒன்று உண்டு. அதற்கு மேட்பிளாட்லிப் என்ற பொதி வேண்டும். அதைப் பிப் என்ற கருவியால் நிறுவிக்கொள்ளும்படி புத்தகம் சொல்கிறது. பிள்ளை அதைப் படித்துவிட்டு வீட்டு லேப்டாப்பில் செய்து பார்க்கிறான். திரையில் பாஸ்வேர்டு கேட்கிறது. "தாத்தா, பாஸ்வேர்டு போடுங்க" என்று நம்மிடம் வந்து நிற்கிறான்.

நாம் என்ன செய்கிறோம்? கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே தட்டிக் கொடுத்துவிடுகிறோம். அதே லேப்டாப்பில்தான் ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கிறோம், வைப்புத்தொகையைப் புதுப்பிக்கிறோம், பிள்ளைகள் வெளியூரிலிருந்து அனுப்பும் பணத்தைச் சரிபார்க்கிறோம். ஆகவே எப்போது பாஸ்வேர்டு போடலாம், எப்போது போடக் கூடாது என்ற ஒன்றைத்தான் இன்று பேசப் போகிறேன்.

இரண்டு கவுண்டர்கள்

லினக்ஸில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் ஊர் ஊராக வலைத்தளம் தேட வேண்டியதில்லை. டெபியன், உபுண்டு, மின்ட், பாஸ் எல்லாம் ஒரே குடும்பம். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு களஞ்சியம் உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இன் களஞ்சியத்தில் 69 ஆயிரத்துக்கும் அதிகமான பொதிகள் இருக்கின்றன. அங்கிருந்து எடுத்துக் கொடுக்கும் பொதி மேலாளரின் பெயர் ஆப்ட். பேக்கேஜ் மேனேஜர் என்று சொல்வார்கள். கிடங்குக் கணக்கர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது, அதோடு சேர்ந்து வேறு எது வேண்டும், எது பழசு என்று எல்லாம் அவருக்குத் தெரியும்.

பிப் இன்னொரு கணக்கர். அவர் பைத்தான் நிரலாளர்களுக்கான பொதிகளை மட்டும் பார்ப்பவர். அவர் சரக்கு எடுக்கும் இடம் பைபிஐ என்ற உலகப் பொதுக் கிடங்கு. அங்கே 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. யாரும் ஒரு கணக்குத் தொடங்கித் தன் பொதியை ஏற்றலாம். ஏற்றும் முன் இன்னொருவர் படித்துப் பார்த்துப் பாஸ் செய்யும் ஏற்பாடு அங்கே கிடையாது. தவறு தெரிந்தால் பிறகு நீக்குவார்கள்.

நம் ஊர் மொழியில் சொன்னால், பைபிஐ என்பது அளத்தில் வாரிக் குவித்த உப்பு. பெரும்பாலும் நல்ல உப்புதான். டெபியன் களஞ்சியம் என்பது சுத்தம் செய்து, அயோடின் சேர்த்து, பேட்ச் எண் அச்சிட்டுக் கடைக்கு வரும் பாக்கெட். இரண்டும் ஒரே பாத்தியில் விளைந்ததாகவே இருக்கலாம். வித்தியாசம், நடுவில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதில் இருக்கிறது.

கையெழுத்துச் சரிபார்ப்பு

வங்கியில் காசோலை வந்தால் என்ன செய்வோம்? மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்து ஒப்பிடுவோம். ஆப்ட்டும் அதையே செய்கிறது. நீங்கள் லினக்ஸ் நிறுவியபோதே களஞ்சியத்தாரின் மாதிரிக் கையெழுத்து, அதாவது பொதுச்சாவி, உங்கள் கணினியில் வந்து உட்கார்ந்துவிட்டது. களஞ்சியத்தில் ரிலீஸ் என்று ஒரு கோப்பு இருக்கும். அதில்தான் அவர்கள் கையொப்பம் இருக்கும். அந்தக் கோப்புக்குள் பொதிப் பட்டியல்களின் சரிபார்ப்பு எண் இருக்கும். பட்டியலுக்குள் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும்.

இருப்புநிலைக் குறிப்பில் கையொப்பம், அதன் கீழ் லெட்ஜர் மொத்தம், அதன் கீழ் ஒவ்வொரு வவுச்சர். நமக்குப் பழகிய அடுக்குதான். எந்த வவுச்சரில் ஓர் எழுத்தை மாற்றினாலும் மேலே கணக்கு இடிக்கும். ஆப்ட் எச்சரித்து நின்றுவிடும். நடுவில் எந்த ஊர் சர்வரிலிருந்து பொதி வந்தாலும் இந்தச் சோதனை உங்கள் வீட்டு மேசையிலேயே நடக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், பிப் கருவியே வேண்டுமென்றாலும் அதை ஏதோ ஒரு பக்கத்திலிருந்து இறக்காதீர்கள். உங்கள் லினக்ஸின் களஞ்சியத்திலிருந்தே எடுங்கள்.

செய்முறை

டெர்மினல் என்ற கறுப்புத் திரையைத் திறந்துகொள்ளுங்கள்.

முதல் கட்டளை: சுடோ ஆப்ட் அப்டேட். இது எதையும் நிறுவாது. களஞ்சியத்தின் இன்றைய பட்டியலை மட்டும் கொண்டு வரும். பாஸ்புக்கில் பதிவு போட்டு வருவது போல. இதைச் செய்யாமல் அடுத்ததற்குப் போனால், பொதி கிடைக்கவில்லை என்று சில சமயம் வரும்.

இரண்டாவது கட்டளை: சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-பிப் பைத்தான்3-வீஎன்வ். இதில் இரண்டு பொதிகள் உள்ளன. முதலாவது பிப். இரண்டாவது தனி அறை கட்டும் கருவி, அதற்குப் பிறகு வருகிறேன். எவ்வளவு இறக்க வேண்டும், எவ்வளவு இடம் பிடிக்கும் என்று ஆப்ட் காட்டிவிட்டு, தொடரலாமா என்று கேட்கும். படித்துப் பார்த்து ஒய் என்று தட்டுங்கள்.

பாஸ்வேர்டு தட்டும்போது திரையில் புள்ளிகூட விழாமல் போகலாம். கீபோர்டு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். எத்தனை எழுத்து என்பதுகூட அடுத்தவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது: பிப் மைனஸ் மைனஸ் வெர்ஷன். ஒரு எண் வந்தால் வேலை முடிந்தது. அந்த எண் உலகிலேயே புதியதாக இருக்காது. அதனால் குறை ஒன்றுமில்லை. நிலையான பதிப்பில் களஞ்சியத்தார் எண்ணை மாற்றாமல், பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் சேர்த்துத் தருவார்கள்.

இப்போது அந்த மேட்பிளாட்லிப். அது டெபியன், உபுண்டு களஞ்சியங்களிலேயே இருக்கிறது. சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-மேட்பிளாட்லிப் என்று தட்டினால் போதும். பாடப்புத்தகப் படங்கள் வரைந்துவிடலாம், பிப் தேவையே இல்லை. பைத்தான் பொதி எது வேண்டுமானாலும், முன்னால் 'பைத்தான்3-' சேர்த்து முதலில் ஆப்ட் கவுண்டரில் கேளுங்கள். இல்லை என்றால் மட்டும் அடுத்த கவுண்டர்.

கணினி "முடியாது" என்று சொன்னால்

பிப் நிறுவிய கையோடு பிள்ளை 'பிப் இன்ஸ்டால்' என்று ஒரு பொதியைக் கேட்பான். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதலும், உபுண்டு 23.04 முதலும் கணினி அதற்கு மறுத்துவிடும். 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்' என்று நீளமாக ஒரு செய்தி வரும். பலர் இதைக் கோளாறு என்று நினைக்கிறார்கள். அது காவல்.

காரணம் எளிது. லினக்ஸின் சொந்த வேலைகள் பலவற்றுக்கே பைத்தான்தான் பின்னால் ஓடுகிறது. ஆப்ட் எழுதி வைத்த லெட்ஜரில் பிப் வந்து அடித்துத் திருத்தினால், நாளைக்கு எது யாருடைய பதிவு என்று தெரியாது. சில கருவிகள் நின்றே போகும். ஒரே லெட்ஜரில் இரண்டு கிளார்க் எழுதக் கூடாது என்பது நமக்குத் தெரியாததா?

அந்தச் செய்தியிலேயே, இதை மீற ஒரு வழியும் எழுதியிருக்கும். அதன் பெயரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்', அதாவது கணினியின் பொதிகளை உடை. பெயரைப் படித்தாலே போதும், தொட வேண்டாம். 'சுடோ பிப் இன்ஸ்டால்' என்பதும் வேண்டாம்.

சரியான வழி, தனி அறை. பைத்தான்3 மைனஸ் எம் வீஎன்வ் பாடம் என்று தட்டினால் 'பாடம்' என்ற ஃபோல்டர் ஒன்று உருவாகும். சோர்ஸ் பாடம்/பின்/ஆக்டிவேட் என்றால் அந்த அறைக்குள் நுழைகிறீர்கள். வரியின் முன்னால் அடைப்புக்குறிக்குள் பெயர் தெரியும். இனி பிப் எதை நிறுவினாலும் அந்த ஃபோல்டருக்குள்தான் போகும். பாஸ்வேர்டு கேட்காது. வேண்டாம் என்றால் ஃபோல்டரை அழித்துவிட்டால் கணக்கு முடிந்தது.

எதை முயன்று பார்ப்பது என்று கேட்டால், ஓப்பன்-தமிழ் என்ற பொதியைச் சொல்வேன். எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் பலரும் சேர்ந்து எழுதியது, பைபிஐயில் இலவசமாகக் கிடைக்கிறது. 'மரக்காணம்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைத்தானைக் கேளுங்கள், 9 என்று சொல்லும். புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியாக எண்ணிவிடும். ஓப்பன்-தமிழிடம் கேட்டால் ம, ர, க், கா, ண, ம் என்று பிரித்து 6 எழுத்து தரும். நம் ஊர்ப் பெயரையே கணினி தப்பாக எண்ணுவதையும், அதைத் திருத்த நம்மவர்கள் எழுதிய பொதி இருப்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிப் எதற்கு என்று ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும்.

ஓர் எழுத்து கூடினால்

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு? ஒரு நடந்த கதை. பைத்தானில் திரை எழுத்துக்கு நிறம் கொடுக்க கலராமா என்று ஒரு நல்ல பொதி உண்டு. அமெரிக்க எழுத்துமுறையில், யூ என்ற எழுத்து இல்லாமல் எழுதுவார்கள். 2018-இல் பைபிஐயில் யூ சேர்த்த இன்னொரு கலராமாவைக் கண்டுபிடித்தார்கள். அது திருட்டுப் பொதி. விண்டோஸ் கணினிகளைக் குறிவைத்தது. நீங்கள் பிட்காயின் முகவரி ஒன்றை நகலெடுத்தால், ஒட்டும்போது அது திருடனின் முகவரியாக மாறியிருக்கும்.

நம் பள்ளிக்கூடங்களில் அந்தச் சொல்லுக்கு யூ போடத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். போடாவிட்டால் மதிப்பெண் போகும். ஆகவே நம் பிள்ளை சரியான ஸ்பெல்லிங் எழுதியே மாட்டிக்கொள்ள வாய்ப்பு இருந்தது. இப்படிப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வைத்துக் காத்திருப்பது அங்கே இன்றும் நடக்கிறது. 2024 மார்ச் மாத இறுதியில் இத்தகைய பொதிகள் வெள்ளமாக வந்ததால், புதிதாகக் கணக்குத் தொடங்குவதையே பைபிஐ சில மணி நேரம் நிறுத்தி வைத்தது.

தனி அறை இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது கணினியைக் காக்கும், உங்கள் கணக்கைக் காக்காது. எந்தப் பெயரில் லாகின் செய்திருக்கிறீர்களோ, அந்தப் பெயரில் உள்ள கோப்புகளையும் பிரவுசரில் சேமித்து வைத்த விவரங்களையும் அந்தப் பொதி படிக்க முடியும். பெட்டகம் தப்பும், கவுண்டரில் இருக்கும் ரொக்கம் தப்பாது.

களஞ்சியத்திலும் தவறு வருமா?

வரும். மறைக்க வேண்டியதில்லை. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு கருவி, ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து, நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பையும் வாங்கி, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு ஒன்றை ஒளித்து வைத்தார். ஆந்த்ரேஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் தொலைவிலிருந்து லாகின் செய்வதற்கு வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். விடாமல் தேடிப் போய் 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார்.

அரை விநாடி! டே புக்கில் ஒரு ரூபாய் வித்தியாசம் என்று இரவு எட்டு மணி வரை உட்கார்ந்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த மனிதரைப் புரியும்.

அந்தப் பதிப்பு டெபியனின் சோதனைப் பிரிவு வரை வந்துவிட்டது. நீங்களும் நானும் பயன்படுத்தும் நிலையான பதிப்புக்குள் வரவில்லை. புதிய சரக்கு சோதனைப் பிரிவில் பல மாதம் கிடந்து, பலர் கைபட்ட பிறகே நிலையான பதிப்புக்கு வருவதால் கிடைத்த பாதுகாப்பு அது. களஞ்சியம் கொஞ்சம் பழசாக இருக்கிறதே என்று அலுத்துக்கொள்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்வேர்டுக்கு முன் நான்கு கேள்விகள்

சுடோ என்பது பெட்டகச் சாவி. பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம் இருக்கும். எழுதுபவர் ஒருவர், பாஸ் செய்பவர் வேறொருவர். வீட்டிலும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். பிள்ளை எழுதட்டும், நீங்கள் பாஸ் செய்யுங்கள். அதற்கு நிரல் தெரிய வேண்டியதில்லை. இந்த நான்கைக் கேட்டால் போதும்.

ஒன்று, சுடோவுக்கு அடுத்த சொல் ஆப்ட் தானா? ஆம் என்றால் மேலே பாருங்கள். பிப் என்றோ வேறு ஏதாவது என்றோ இருந்தால் நிறுத்துங்கள்.

இரண்டு, பொதியின் பெயரை எழுத்து எழுத்தாகப் புத்தகத்தோடு ஒப்பிட்டாயிற்றா? காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் பார்ப்பது போல.

மூன்று, புதிய களஞ்சியமோ புதிய சாவியோ சேர்க்கச் சொல்கிறதா? அது முன்பின் தெரியாதவரின் மாதிரிக் கையெழுத்தை நம் அட்டைப் பெட்டியில் செருகுவதற்குச் சமம். அதன் பிறகு அவர் அனுப்பும் எதையும் ஆப்ட் நம்பும். பாடத்துக்கு இது தேவைப்படாது.

நான்கு, இணையத்திலிருந்து ஒன்றை இறக்கி அப்படியே ஓட வைக்கும் ஒற்றை வரியா? இதை நகலெடுத்து ஒட்டுங்கள் என்று பல பக்கங்களில் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் முன்பே ஓடிவிடும். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடுவீர்களா?

எந்தக் கேள்வியில் சந்தேகம் வந்தாலும், "நாளைக்குப் பார்க்கலாம்பா" என்று சொல்லிவிடுங்கள். பிள்ளை கோபித்துக்கொண்டால் ஒரு நாளில் ஆறிவிடும்.

நம் கடற்கரைக்கு இரண்டு யோசனை

முதலாவது, ஒரே லேப்டாப்பாக இருந்தாலும் இரண்டு பயனர் கணக்கு வையுங்கள். பிள்ளையின் கணக்குக்குச் சுடோ அதிகாரம் வேண்டாம். வங்கி வேலை, ஓய்வூதிய வேலை எல்லாம் உங்கள் கணக்கில் மட்டும். பிப், வீஎன்வ், மேட்பிளாட்லிப் மூன்றையும் உங்கள் கணக்கிலிருந்து ஒரு முறை ஆப்ட் மூலம் நிறுவிவிட்டால், பிள்ளையின் கணக்கிலும் அவை வேலை செய்யும். அவன் அறை கட்டிக்கொண்டு என்ன பரிசோதனை செய்தாலும் உங்கள் கணக்கு தனியாக இருக்கும். லினக்ஸ் செட்டிங்ஸில் பயனர்கள் என்ற பகுதியில் பத்து நிமிட வேலை.

இரண்டாவது, மழைக்கு முன் முடியுங்கள். அளத்துக்காரர்கள் அக்டோபர் மேகத்தைப் பார்த்ததும் உப்பை வாரிக் குவித்து மூடிவிடுவார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு நாம் மின்சாரத்துக்குக் காத்திருந்தது நினைவிருக்கும். பொதிகளை இறக்கத்தான் இணையம் வேண்டும். இறக்கி வைத்துவிட்டால், பேட்டரி இருக்கும் வரை பிள்ளை படித்துக்கொண்டிருக்கலாம். மழை முடிந்ததும் செய்முறைத் தேர்வு வந்துவிடும்.

கூடுதலாகக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு தகவல். நம் மாவட்டத் தலைநகர் விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்குகிறது. மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் கட்டற்ற மென்பொருள் பயிற்சி தருகிறார்கள். கல்லூரியில் படிக்கும் உங்கள் பிள்ளைகளை அனுப்பி வையுங்கள்.

சங்க அறையில் இருக்கும் பழைய லேப்டாப்களில் இந்த மூன்று பொதிகளையும் நிறுவி, 12-ஆம் வகுப்புப் பிள்ளைகள் வந்து பயன்படுத்த வழி செய்யலாம் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பாஸ்வேர்டைத் தலைவரிடம் ஒரு பாதியும் செயலாளரிடம் ஒரு பாதியும் கொடுத்துவிடலாம். நான் பார்த்தவரை, இரட்டைச் சாவி வைத்த பெட்டகத்துக்கு ஆபத்து வந்ததில்லை.

 பலகையில் உள்ள தாளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.